பஞ்சில் ஏறிய விளக்கெண்ணெய்

இப்போது ஓடைக்கு ஆராயப் போகிறவர்கள் கல்லைத் தொடுவதே இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரை மொண்டு, வடிதாளில் வடித்து, அந்தத் தாளை மட்டும் ஐஸில் வைத்து எடுத்துப் போகிறார்கள். உயிர்களின் உடம்பிலிருந்து தண்ணீரில் உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளை வைத்தே, கல்லுக்கடியில் என்ன உயிர் இருக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடுகிறதாம். போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த, அந்த வேலைக்குப் புதிதாக வந்த உதவியாளர் ஒருவர், "நீங்க வெறும் கையாலயே எடுப்பீங்களாமே, அது எப்பிடின்னு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது எதிரே யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். எப்படி எடுத்தேன் என்று எழுதுகிறேன். எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் இதற்கு அர்த்தம் இல்லை.

நாங்கள் சங்கராபுரம் பக்கத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். நான் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் ஓடைக்குப் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று மூன்று நாள் கூலிக்குப் போனவன், பதினேழு ஆண்டு அங்கேயே இருந்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் களநிலையம் இருந்தது. பெரிய ஆய்வகம் சென்னையில். முதல் இரண்டு ஆண்டு பெட்டி தூக்கினேன், தரை கூட்டினேன், குழாய் கழுவினேன். மூன்றாம் ஆண்டு டாக்டரம்மா என்னைத் தண்ணீருக்குள் இறங்கச் சொன்னார்.

டாக்டரம்மா என்றால் வைத்தியர் இல்லை. நிலையத்துக்குத் தலைவர், உயிர்களை ஆராய்கிறவர். படித்தவர்களையும் என்னையும் ஒரே மாதிரி 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். யாரையும் தப்பு செய்தாய் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் மேசைமேல் இருக்கும் நோட்டை நம் பக்கம் திருப்பிவைத்து, மேலே பென்சிலை வைப்பார். "நடந்ததை எழுதுங்க. காரணத்தை அப்புறம் பாக்கலாம்." அவ்வளவுதான். திட்டு வாங்கினால்கூட ஒரு நாளில் மறந்துவிடும். அந்த நோட்டில் எழுதியது அப்படியே இருக்கும். ஜீப் ஓட்டிய சேகர் அந்த நோட்டுக்கு 'போலீஸ் ஸ்டேஷன்' என்று பேர் வைத்திருந்தான்.

நாங்கள் தேடியது நன்னீர்ப் பஞ்சு. பஞ்சு என்றதும் செடி என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அது பிராணி. வாய் கிடையாது, வயிறு கிடையாது, ரத்தம், நரம்பு எதுவும் கிடையாது. உடம்பெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகள் வழியே தண்ணீரை இழுத்து, அதில் மிதப்பதைத் தின்று, தண்ணீரை வெளியே விடும். கரியாலூருக்கு அப்பால், அருவித் தண்ணீர் வந்து தணியும் ஓடையில், கல்லின் அடிப்பக்கத்தில் பூச்சு மாதிரி ஒட்டியிருக்கும். மலைக்காரர்கள் அதைப் பாசி என்பார்கள். பார்த்தால் பாசிதான். தொட்டால் வேறு. பாசி வழுக்கும், பஞ்சு பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். உடம்புக்குள் கண்ணாடித் தூள் போன்ற ஊசிகள் உண்டு. அதனால் பஞ்சைக் கண்டுபிடிப்பது கண்ணுக்கான வேலை இல்லை, விரல் நுனிக்கான வேலை.

எடுக்கும் முறை இது. ஓட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டும், கலங்கல் பின்னால் போய்விடும். முதலில் தண்ணீரின் சூட்டை அளந்து எழுத வேண்டும். கல்லைப் புரட்டாமல் அடியில் கையை விட்டுத் தடவ வேண்டும். சொரசொரப்பு தட்டியதும் கல்லைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகச் சாய்த்து, தட்டைக் கத்தியால் விரல்நகம் அளவு மட்டும் பெயர்த்து, விரலால் தாங்கிக் குழாயில் விட வேண்டும். மீதியை விட்டுவைத்து, கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். குழாயைப் புகை பறக்கும், தொட்டதும் உறையவைக்கும் நைட்ரஜன் கேனில் இறக்க வேண்டும். இதெல்லாம் நூறு எண்ணுவதற்குள் முடிய வேண்டும். கைக்கு எப்போதும் கையுறை போட்டிருக்க வேண்டும்.

எதற்கு இத்தனை பாடு என்று ஒரு நாள் சேகர்தான் கேட்டான். நான் கேட்டிருக்க மாட்டேன்.

"ஏம்மா, இது மீனா, நண்டா, கொழம்பு வெச்சாவது துன்னலாம். இத்த எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு ஓடைக்கல்லில் உட்கார்ந்தார். "சங்கராபுரம் தாலுக்கா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம் பாத்திருக்கீங்களா, சேகர்?"

"பட்டாவுக்கு நடந்து நடந்தே செருப்பு தேஞ்சிடுச்சும்மா."

"அங்க ஒரு ஆள் உக்காந்திருப்பாரு. சீட்டு வந்தாத்தான் எழுந்துபோய் ஃபைல் கட்டை எடுப்பாரு, இல்லன்னா அசைய மாட்டாரு. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு ரெக்கார்டு ரூம் இருக்கு. அங்கயும் அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. ரத்தத்துல வர்ற ஹார்மோன்தான் சீட்டு. சீட்டு வந்து கையில சேர்ந்ததும் இந்த ஆள் எழுந்துபோய் எந்தக் கட்டைப் பிரிக்கணுமோ பிரிப்பாரு. அதனாலதான் வளர்றோம், வயசுக்கு வர்றோம், பசிக்குது. நமக்கு அப்படி நாப்பத்தெட்டு வகை ஆள். இதுவரைக்கும் பாத்த பஞ்சுல ரெண்டே ரெண்டு."

அந்த ஆளுக்குப் பெயர் ஏற்பி. என் மனைவி அஞ்சலை காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் தைராய்டு மாத்திரையும் அப்படி ஓர் ஏற்பியின் கையில்தான் போய்ச் சேர்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா பஞ்சைக் காட்டி, "இதுக்கு ரத்தம் இல்ல, சுரப்பி இல்ல, நமக்கு இருக்கிற ஹார்மோன் எதுவும் இல்ல. சீட்டு எழுதுறதுக்கே ஆள் இல்லாத ஆபீஸ். ஆனா வாங்குறதுக்கு ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. யாருக்காக? ஆரம்பத்துல சாப்பாட்டுல வர்ற கொழுப்புதான் சீட்டா இருந்திருக்கும்னு சிலர் நெனைக்கிறாங்க. ஹார்மோன் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்ததா இருக்கலாம். அதத்தான் பாக்கணும்" என்றார்.

சேகர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். திரும்பும்போது ஜீப்பில், "இன்னா மாமா, கவர்மெண்டு ஆபீசு பஞ்சு காலத்துல இருந்தே அப்பிடித்தானா" என்றான். நான் சிரிக்கவில்லை. சீட்டு வருவதற்கு எத்தனையோ கோடி வருசத்துக்கு முன்பே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆளை நினைத்தால் எனக்கு என்னவோபோல் இருந்தது.

அந்தக் கேள்வியை ஆராய வந்தவர் தேன்மொழி. தியாகதுருகம் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். என்னை 'அண்ணா' என்பார். சென்னை ஆய்வகத்தில் பஞ்சின் ஏற்பியை வேறு செல்களுக்குள் வைத்து, அந்த ஏற்பி விழித்துக்கொண்டால் செல் ஒளிரும்படி செய்திருந்தார்கள். நான் எடுத்து அனுப்பும் பஞ்சை அரைத்து, அதன் சாற்றை அந்தச் செல்களில் விட்டுப் பார்ப்பார். ஒளிர்ந்தால், ஏற்பியை எழுப்பும் ஏதோ ஒன்று பஞ்சுக்குள் இருக்கிறது என்று பொருள்.

முதல் மழைக்காலத்துப் பஞ்சு ஒளிர்ந்தது. கோடையில் எடுத்தது ஒளிரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் ஒளிர்ந்தது, கோடையில் மறுபடியும் அணைந்தது. எங்கள் ஓடைப் பஞ்சு தண்ணீர் வற்றும்போது குட்டைகளில் கொஞ்சம் மிஞ்சும், மற்றது கடுகளவு விதை மாதிரி உருண்டைகளாக ஒடுங்கிக் கிடக்கும், மழை வந்ததும் முளைத்துப் பரவும். மழைக்காலத்தில் பஞ்சு தானாகவே ஏதோ ஒன்றைச் செய்கிறது, அதுதான் இரண்டு ஏற்பிகளில் ஒன்றை எழுப்பி வளரச் சொல்கிறது என்று தேன்மொழி கருதினார். ஹார்மோன் இல்லாத பிராணியில் ஹார்மோனுக்கு முந்தைய சீட்டு. நிலையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். போனில் பேசும்போது, "எல்லாம் உங்க கைராசிண்ணா" என்றார்.

மூன்றாவது மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவரே நிலையத்துக்கு வந்து எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தார். குழாய், கத்தி, கேன் எல்லாம் பார்த்துவிட்டு, "அண்ணா, எப்பவும் கையுறை போட்டுத்தான எடுக்குறீங்க?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

கையுறையைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவேன். ஆனால் கையுறைக்குள்ளிருந்து தடவினால் பாசி எது பஞ்சு எது என்று விரலுக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்கத் தடவினாலும் இரண்டு குழாய் நிறையாது. அதனால் இரண்டாம் நாளே மூன்று விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டேன். ஓடையில் என்கூட யாரும் இறங்குவதில்லை. பஞ்சை உடைக்காமல் எடுக்கிறான், நிறைய எடுக்கிறான் என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை விட மனமில்லை. பேசக் கூச்சப்படுகிறவனுக்குப் பொய்யும் தலையாட்டலாகத்தான் வரும்.

அந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். எனக்குப் பதில் சேகர் ஓடையில் இறங்கினான். புதுக் கையுறையை முழங்கை வரை போட்டுக்கொண்டு, பாதி பஞ்சும் பாதி பாசியுமாக எடுத்து அனுப்பினான். பாசியைப் பிரித்துவிட்டுப் பஞ்சை மட்டும் பார்த்தபோதும் அவன் எடுத்த ஒன்றும் ஒளிரவில்லை. கேனில் இறக்கத் தாமதித்திருப்பான், கெட்டுப்போயிருக்கும் என்று அவற்றை ஒதுக்கிவைத்தார்கள். நோட்டு சேகர் பக்கம் திரும்பியது.

"நூறு எண்ணுறதுக்குள்ளதான் மாமா போட்டேன். அறுபதுலயே போட்டுட்டேன். அத்த எழுதுனா இன்னா, யாரு நம்பறாங்க?" என்று என் வீட்டு வாசலில் நின்று சொன்னான். எப்போதும் விளையாடுகிறவன், அன்று கண் கலங்கியிருந்தான். "எனக்குக் கை வராதாம். டிரைவரு வேலைய மட்டும் பாருன்றாங்க."

அவன் போனதும் அஞ்சலை கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து உட்கார்ந்தாள். மறுநாள் நான் மறுபடியும் ஓடைக்குப் போக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எனக்கு விரல் இடுக்கெல்லாம் தண்ணீரில் ஊறி வெடித்துப் புண்ணாகும். அதற்காக அந்த மாதங்களில் ஓடைக்குப் போவதற்கு முந்தின நாளும், புறப்படுகிற காலையிலும் கை முழுக்க விளக்கெண்ணெய் தேய்த்துக்கொள்வேன். கோடையில் வெடிப்பு இல்லை, எண்ணெயும் இல்லை.

"கைய நீட்டு. இன்னா அப்பிடிப் பாக்கற?" என்றாள் அஞ்சலை.

நான் கையை நீட்டவில்லை. மழைக்கு எண்ணெய். கோடைக்கு இல்லை. சேகர் கையில் இல்லை. அவ்வளவு நேரமும் என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய் என்பது கொழுப்பு. உடம்பெல்லாம் ஓட்டையாக இருக்கிற பிராணி, தண்ணீரில் எது வந்தாலும் இழுத்துக்கொள்ளும். மூன்று மழைக்காலமாகத் தேன்மொழியின் செல்களை ஒளிர வைத்தது பஞ்சு இல்லை, நான்தான் என்று எனக்குப் புரிந்தது.

புரிந்த மறுநாளே சொல்லியிருந்தால் இதை எழுத எனக்கு இத்தனை தயக்கம் இருந்திருக்காது. பத்தொன்பது நாள் சொல்லவில்லை. எண்ணெய் பூசுவதை நிறுத்திவிட்டேன். மீதி மழைக்காலத்துப் பஞ்சு ஒளிராமல் போனால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் தேன்மொழி அதற்குமேல் பஞ்சு கேட்கவில்லை. இருந்ததே போதும் என்று பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுத உட்கார்ந்துவிட்டார். தை மாதம் ஒப்படைக்க வேண்டும். அதோடு உதவித்தொகையும் முடிகிறது. இந்த வேலை போனால் மறுபடி கரும்பு வெட்டப் போக என் முழங்காலுக்கு முடியாது. சொன்னால் அந்தப் பெண்ணின் நாலு வருசம் போகும். சொல்லாவிட்டால் பொய் ஒன்று புத்தகமாகும், சேகருக்குக் கை வராது என்பதும் நிலைத்துவிடும். பத்தொன்பது நாளும் நிலையத்தின் வேறு வேலைகளுக்கு ஜீப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் போய்வந்தேன். அவன் பேசுவதைக் குறைத்திருந்தான்.

இருபதாம் நாள் காலையில் விளக்கெண்ணெய் பாட்டிலையும், விரல் நறுக்கிய கையுறையையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா தனியாக இருந்தார். இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

"என்ன ஏழுமலை இது?"

பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். கையுறையை எடுத்துத் தன் கையில் மாட்டிப் பார்த்தார். நறுக்கிய இடத்தில் அவருடைய மூன்று விரல்கள் வெளியே தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பி, பென்சிலை மேலே வைத்தார்.

நாலு வரி எழுதினேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். படித்துவிட்டு, "எத்தனை மழைக்காலமா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணும்மா."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது குரலில் மாற்றம் இல்லை. "நீங்க நெனைக்கிறதுனால அது நிஜமாயிடாது. சோதிச்சுப் பாக்கணும். நாளைக்கு ஓடைக்குப் போறோம்."

போனோம். அவரும் சேலையைச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரே கல்லில் இருந்து இரண்டு துண்டு. ஒன்று எண்ணெய் பூசிய என் கையால், இன்னொன்று புதுக் கையுறை போட்ட கையால். இப்படிப் பன்னிரண்டு கல். அதற்கும் மேல், பஞ்சே இல்லாத குழாய் ஆறு; மூன்றில் நல்ல ஓடைத்தண்ணீர், மூன்றில் என் எண்ணெய் விரலை முக்கிய ஓடைத்தண்ணீர். எந்தக் குழாய் எது என்று சேகர் மட்டும் தன் சீட்டில் குறித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். குழாய்களின்மேல் வெறும் எண்கள். சோதிக்கிற தேன்மொழிக்கு எது எதுவென்று தெரியக்கூடாது. ஆனால் எதற்காகச் சோதிக்கிறோம் என்பதை டாக்டரம்மா அன்றே போனில் அவருக்குச் சொல்லிவிட்டார்.

"யோவ் மாமா," என்றான் சேகர், கேனை மூடிக்கொண்டே. "எல்லாரும் என்னயத்தான் வெளக்கெண்ணன்னு திட்டுவாங்க. நெச வெளக்கெண்ண நீதானா?" சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவனே, "வுடு" என்றான்.

ஒன்பதாம் நாள் தேன்மொழி முடிவுகளோடு நேரில் வந்தார். மேசையில் அவர் தாள், பக்கத்தில் சேகரின் மடித்த சீட்டு. டாக்டரம்மா சீட்டைப் பிரித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். தேன்மொழி ஒளிர்ந்ததா இல்லையா என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவது கல்லிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு கல்லும் முடிந்து, பஞ்சே இல்லாத குழாய்களுக்கு வந்தார்கள். என் விரல் பட்ட மூன்றும் ஒளிர்ந்திருந்தன. எண்ணெய்க் கை பட்டதெல்லாம் ஒளிர்ந்தது, படாதது ஒன்றுகூட ஒளிரவில்லை.

தேன்மொழி பென்சிலை வைத்தார். "அன்னிக்குக் கேட்டனேண்ணா," என்றார். எழுந்து வெளியே போய், வாசலில் நின்ற ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் அழுதிருந்தால் எனக்குத் தாங்கும்படி இருந்திருக்கும்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. டாக்டரம்மா எங்கிருந்தோ தோல்போல ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கையுறைகளை வரவழைத்துக் கொடுத்து, "இதுல விரலுக்குத் தெரியுதான்னு கத்துக்கோங்க. ரெண்டு குழாய் வந்தா ரெண்டு போதும்" என்றார். இரண்டு குழாய் போதுமா என்று முன்பே நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். நான் கேட்டதில்லை. அந்தக் கையுறையோடு தடவக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. சேகரையும் கூட இறக்கினோம். அவன் கைக்கு அது என்னைவிடச் சீக்கிரம் பழகியது.

தேன்மொழிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள், உதவித்தொகை இல்லாமல். அவர் எல்லாவற்றையும் முதலில் இருந்து பார்த்தார். மழைக்காலத்துச் சீட்டு என்ற பேச்சே போய்விட்டது. மிச்சமிருந்தது சின்ன விஷயம். பஞ்சின் அந்த ஏற்பி கொழுப்பு எதுவானாலும் விழித்துக்கொள்கிறது, தான் ஒருநாளும் பார்த்திராத ஆமணக்கின் கொழுப்புக்கும்கூட. ஆரம்பத்து ஆள் இன்ன சீட்டுதான் வேண்டும் என்று கறாராக இல்லை, சாப்பாட்டில் வந்ததை வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு சிறிய சாட்சி, நிரூபணம் இல்லை என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். அந்த ஓராண்டில் தேன்மொழி நிலையத்துக்கு நாலு முறை வந்தார். நான்கு முறையும் என்னிடம் தேவையானதை மட்டும் பேசினார். 'அண்ணா' என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒப்படைப்பதற்கு முந்தின வாரம் போன் செய்தார். நான் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"முறைகள்னு ஒரு பகுதி இருக்கு. அதுல உங்களப் பத்தி ரெண்டு வரி வருது. தமிழ்ல சொல்றேன், கேளுங்க. 'முதல் மூன்று மழைக்காலங்களில் மாதிரி எடுத்தவர் கையில் விளக்கெண்ணெய் பூசியிருந்தார். ஆகவே அம்மாதிரிகள் நீக்கப்பட்டன. இதை அவரே முன்வந்து தெரிவித்தார்.' களப்பணியாளர்னு பொதுவா போடட்டுமா, பேர் போடட்டுமா? பேர் வேணாம்னா விட்டுர்றேன்."

பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

"பேரு போடுங்கம்மா. ஆனா அவரே முன்வந்துன்னு இருக்குதே, அது சரியில்ல. தெரிஞ்சு பத்தொம்போது நாளு கம்முனு இருந்தேன். நீங்க கேட்டப்போ தலையாட்டனேன். அதுவும் போடணும்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அதையெல்லாம் எழுத அதுல எடம் இல்லண்ணா," என்றார் தேன்மொழி. "பேர் போட்டுர்றேன்."

போட்டிருக்கிறார். ஆங்கிலப் புத்தகம்; என் பெயர் இருக்கும் பக்கத்தில் அவரே ஒரு தாள் சொருகி அனுப்பியிருந்தார். அங்கே இடமில்லாமல் போனதை இங்கே எழுதியிருக்கிறேன்.